காரணம் கேட்க உரிமை உண்டு

அண்ணா, உங்கள் பதிவில் “அரசு அலுவலகம் விண்ணப்பத்தை மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை, நேரே கோர்ட்டுக்குப் போகலாம்” என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 33ஆம் பிரிவும் 2000ஆம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டமும் காரணம் கேட்கும் உரிமையை நமக்குத் தருகின்றன. முடிவு தெரிந்த 90 நாளுக்குள் காரணம் கேளுங்கள். கேட்ட 90 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால், மாறாக நிரூபிக்கும்வரை, தக்க காரணமில்லாமல் எடுத்த முடிவு என்றே கோர்ட் கருதும். பெரிய பலம் இது!

அப்புறம், துறைக்குள் மேல்முறையீடு இருந்தால் பொதுவாக அதைத்தான் முதலில் முடிக்க வேண்டும். கோர்ட்டுக்கு அதன்பின் அதிகபட்சம் 180 நாள். தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நம் பாட்டிமார் யாரும் அந்தப் பதிவை நம்பிக் கெடு நாளைத் தவறவிடக் கூடாது.