காராச்சேவும் ஒரு கலர் காமிக்ஸும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சின்னப் பஞ்சாயத்து. மகள் கௌபாய் நாயகன் லக்கி லுக்கின் கலர் காமிக்ஸ் புத்தகம் ஒன்றைத் தரையில் விரித்துப் போட்டு, பக்கத்தில் கிண்ணம் நிறைய சாத்தூர் காராச்சேவு வைத்துக்கொண்டு குப்புறப் படுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன். நாற்பது வருஷமாக காமிக்ஸ் சேர்ப்பவர்.

"ஏய் பாப்பா, கையைத் துடைச்சிட்டுத் தொடு! என்ன மாப்ளே, ஆர்ட் பேப்பர் புக்கை இப்படிப் பாழாக்க விட்டுட்டு உக்காந்திருக்கீங்க?"

அவர் பதற்றம் நியாயம்தான். அவர் வீட்டு பீரோவில் ஒவ்வொரு இதழும் தனித்தனி பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். படிக்க ஒரு பிரதி, பத்திரப்படுத்த ஒரு பிரதி என்று இரண்டாக வாங்குவார். பாச்சை உருண்டை வாசத்தோடு அந்தப் பீரோ திறக்கும்போது கோயில் நடை திறப்பது மாதிரி இருக்கும். நான் கிண்டல் செய்யவில்லை. அவரைப் போன்றவர்கள் சந்தா கட்டியதால்தான் தமிழில் காமிக்ஸ் இன்னும் மூச்சு விடுகிறது.

ஆனால் இந்த விஷயத்தில் நான் மகள் கட்சி. கறை படியட்டும் என்கிறேன்.

அவள் பள்ளியில் தமிழ் இரண்டாம் மொழி. பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னால் பல் பிடுங்கப் போவது போல முகத்தை வைத்துக்கொள்வாள். அதே பிள்ளை காமிக்ஸில் ஒரு பேச்சு பலூனில் இருக்கும் ஏழெட்டு வார்த்தைகளை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குத் தாவுகிறாள். புரியாத சொல் வந்தால் படம் கைகொடுக்கிறது. நாற்பத்துச் சொச்சம் பக்கம், ஒரே மதியம். அந்த மதியத்தில் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வா என்று ஒருமுறை சொன்னால் போதும், அவள் திரும்பி வரமாட்டாள். வழியில் டிவி ரிமோட் இருக்கிறது.

கலரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் சின்ன வயதில் லக்கி லுக்கைப் படித்தது மட்டமான தாளில், கறுப்பு வெள்ளையில். அதுவே எங்களுக்கு சொர்க்கம். இத்தனைக்கும் புத்தகம் வந்தது சிவகாசியிலிருந்து. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த ஊர் அது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கு லேபிள் வேண்டும் என்று அச்சகங்கள் பெருகின. ஊர் ஊராகச் சுவரில் தொங்கும் காலண்டர் முருகனுக்கு அத்தனை நிறம் பூசிய ஊர், 1972இல் முத்து காமிக்ஸ் இதழில் இரும்புக்கை மாயாவி என்ற நாயகனை அனுப்பியபோது கறுப்பு வெள்ளையில்தான் அனுப்பியது. பையன்கள் கையில் இருந்த சில்லறைக்கு அவ்வளவுதான் கட்டுப்படியாகும். லயன், முத்து காமிக்ஸ் இதழ்கள் கலரில், பெரிய அளவில், வழவழ தாளில் வர 2012 வரை காத்திருந்தோம்.

கலரில் பார்த்தபோதுதான் ஓவியர் மோரிஸ் என்ன செய்திருக்கிறார் என்றே எனக்குப் புரிந்தது. பெல்ஜியக்காரர். 1946இல் லக்கி லுக்கைத் தொடங்கியவர். முன்னால் நிற்பவனுக்கு மட்டும் சட்டை, தொப்பி, தோல் என்று தனித்தனி நிறம். பின்னால் நிற்கும் கூட்டம் மொத்தத்துக்கும் ஒரே நீலம். சண்டை வந்தால் கட்டமே சிவப்பு. எங்கே பார்க்க வேண்டும் என்று நிறம் கையைப் பிடித்து அழைத்துப் போகிறது. மகளுக்கு இதையெல்லாம் நான் விளக்கவில்லை. "அப்பா, இந்த ஆளு மட்டும் ஏன் மஞ்சளா இருக்கான்? அவன்தான் ஏமாத்தப் போறானா?" என்று அவளே கேட்டாள்.

அவளுக்குப் பிடித்தது லக்கி லுக் அல்ல, ஆவ்ரெல் டால்டன். லக்கி லுக் துரத்தும் நான்கு கொள்ளைக்காரச் சகோதரர்களில் ஆக உயரமானவன், ஆக மக்கு. ஜெயிலை உடைத்துத் தப்பும்போதுகூட எப்போது சாப்பாடு என்றுதான் கேட்பான். அவன் கதையைப் படிக்கும்போது கையில் தின்பண்டம் வைத்துக்கொள்ளாதே என்று எந்த முகத்தோடு சொல்வது? 1955இலிருந்து லக்கி லுக்குக்குக் கதை எழுதிய கோசினி சிரித்துவிட மாட்டாரா?

(ஒரு இடைச்செருகல். லக்கி லுக் உதட்டில் முன்பெல்லாம் சிகரெட் இருக்கும். 1983இல் மோரிஸ் அதை எடுத்துவிட்டுப் புல் ஒன்றைச் செருகினார். மச்சான் இன்னும் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. எனக்குப் புல்லே போதும். செவ்விந்தியர்களையும் சீனர்களையும் அந்தக் கதைகள் காட்டும் விதம்தான் எனக்கு நெருடல். அதைப் பற்றி மகளோடு தனியாகப் பேச வேண்டியிருந்தது.)

சரி, ஏன் காராச்சேவு? சாத்தூர் சிவகாசிக்குப் பக்கத்து ஊர் என்பது ஒரு காரணம். ஒரு காலத்தில் பேனா நிப்புக்கும் பேர்போன ஊர். அச்சும் நிப்பும் சேவும் ஒரே கரிசல் மண். அதைவிட முக்கியம், இது ஒவ்வொன்றாக எடுத்துத் தின்னும் பண்டம். ஒரு கட்டம், ஒரு சேவு. கடலைமாவும் பூண்டும் வற்றல் காரமும் நாக்கில் ஏறுவதற்குள் பக்கம் திரும்பிவிடும். கோவில்பட்டிக் கடலைமிட்டாயைக் கொடுத்துப் பார்த்தேன். கடிக்கும் சத்தத்தில் படிப்பது நின்றுவிடுகிறது, விரலில் பாகு ஒட்டிப் பக்கமும் கூடவே வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா இருந்தால் புத்தகத்தை யார் பார்ப்பார்கள்? முறுக்குத் தூள் நடுமடிப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் எறும்பு.

என் உண்மையான கவலை வேறு. புத்தகக் கண்காட்சியில் காமிக்ஸ் ஸ்டாலுக்குப் போனால், நான் பார்த்தவரை, நிற்பவர்களெல்லாம் என்னைப் போல முன்தலை வழுக்கை விழுந்தவர்கள். பிள்ளைகள் வெளியே ஐஸ்கிரீம் தின்றபடி அப்பாவுக்காகக் காத்திருக்கிறார்கள். பத்து வயதுக்காரர்களுக்காக வரைந்த புத்தகத்தை ஐம்பது வயதில் நாமே வாங்கி, நாமே உறை போட்டு, நாமே பூட்டி வைக்கிறோம். அந்தப் பிள்ளைகள் பீரோவைப் பார்த்து வளர்வார்கள், லக்கி லுக்கைப் பார்த்து அல்ல. விலையும் ஒரு தடைதான், மறுக்கவில்லை. கலர், நல்ல தாள், குறைந்த பிரதிகள் என்றால் விலை ஏறத்தான் செய்யும். ஆனால் வாங்கிய பிறகு பூட்டுப் போடுவது விலை செய்யும் வேலை இல்லை.

மச்சானிடம் இதைச் சொன்னேன். "அதுக்காக எண்ணெய்க் கையாலயா?" என்றார். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம்: வலது கை சேவுக்கு, இடது கை புத்தகத்துக்கு. மகள் தலையாட்டினாள். இரண்டு பக்கம் கடைப்பிடித்தாள். மூன்றாவது பக்கத்தில் டால்டன்கள் சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள், கைகள் மாறிவிட்டன.

மச்சான் அதைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தபடி கிண்ணத்தில் கைவிட்டார். சிறிது நேரத்தில் உள்ளேயிருந்து அவள் குரல்:

"அப்பா, மாமா சேவு எல்லாத்தையும் தின்னுட்டாரு. எனக்கு இன்னும் ஆறு பக்கம் இருக்கு!"