ஆடியில டிலீட் பண்ணேன், ஆவணியிலதான் தெரிஞ்சுது

"பாத்தியா மாப்ள, ஒரு நாட்டு கவர்மெண்டோட ஃபைலே எரிஞ்சு போச்சாம், நீ என்னடான்னா ஆன்லைன்ல போடு ஆன்லைன்ல போடுன்னு உயிர வாங்கற"ன்னு பாலக்கோடு தக்காளி மண்டியில கணக்கு பாக்கற நம்ம கூட்டாளி ஒருத்தன் கொரியா நியூஸ அனுப்பியிருந்தான். கூடவே நாலு சிரிப்பு எமோஜி. அவன் மண்டி கணக்கு மொத்தமும் ஒரே ஒரு பென்டிரைவ்ல இருக்கு, அந்த பென்டிரைவ் அவன் பைக் சாவிக்கொத்துல தொங்குது. அவனுக்கு வாட்ஸப்ல பதில் அடிக்க ஆரம்பிச்சு ரொம்ப நீளமா போயிடுச்சு, அதான் இங்கயே போட்டுடறேன்.

மொதல்ல அந்த நியூஸ். 2025 செப்டம்பர் 26, தென்கொரியாவுல டேஜான்ங்கற ஊர்ல அரசாங்க டேட்டா சென்டர்ல லித்தியம் பேட்டரிய இடம் மாத்தற வேலை நடக்கும்போது தீ புடிச்சுது. அதுல ஜி-டிரைவ்னு ஒண்ணு, அரசு ஊழியருங்க ஃபைல் வைக்கறதுக்கு, ஆளுக்கு 30 ஜிபி. மொத்தம் 858 டிபி இருந்துச்சு, ஒரு டிபின்னா சுமார் ஆயிரம் ஜிபி. சுத்தமா போச்சு. சில துறையில ஆபீஸ் கம்ப்யூட்டர்லயே சேவ் பண்ணாதீங்க, எல்லாத்தையும் இதுலயே போடுங்கன்னு சொல்லி வச்சிருந்தாங்களாம், அவங்க நெலம இன்னும் மோசம். அளவு ரொம்ப பெருசு, அதனால வெளிய இன்னொரு காப்பி எடுக்கலன்னு காரணம் சொன்னாங்க. அதாவது மாப்ள, உன் பைக் சாவிதான் அது, என்ன, சைஸ் கொஞ்சம் பெருசு.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு நடந்துச்சு, அத யாரும் ஃபார்வர்ட் பண்ணல. 2024 மே மாசம் ஆஸ்திரேலியாவுல யூனிசூப்பர்னு ஒரு பென்ஷன் ஃபண்டு, 6 லட்சத்துக்கு மேல மெம்பருங்க, அவங்க கூகுள் கிளவுட்ல வச்சிருந்த செட்டப்புல ஒரு முக்கியமான பகுதி அழிஞ்சு போச்சு. ஹேக்கிங் எல்லாம் இல்ல, ஆரம்பத்துல செட் பண்ணும்போது கூகுள்காரங்க ஒரு கட்டத்த காலியா விட்டுட்டாங்க, அதனால அது ஒரு வருஷத்துக்கு அப்புறம் தானா முடிஞ்சிடற கணக்கா பதிவாகிடுச்சு. ஒரு வாரம் போல ஜனங்களுக்கு கணக்கு பாக்க முடியல. ஆனா வேற ஒரு கம்பெனிகிட்டயும் காப்பி வச்சிருந்தாங்க, அதுவும் கை கொடுத்து திரும்ப எழுந்து நின்னாங்க.

சரி, ஊருக்கு உபதேசம் பண்றேன்னு நெனக்காதீங்க, நான் பண்ண கூத்த கேளுங்க.

எங்க வீடு காவேரிப்பட்டணத்துல. வீட்டம்மா ப்ளவுஸ் தைக்கறாங்க, ஆரி ஒர்க் போடறாங்க. கல்யாண ப்ளவுஸ்னா சுத்துப்பட்டுல அவங்ககிட்டதான் வருவாங்க, கொஞ்சம் பெருமையாதான் சொல்றேன். ஆறு வருஷமா தச்ச ஒவ்வொரு டிசைனையும் போட்டோ எடுத்து, கழுத்து டிசைன் தனி, கை டிசைன் தனி, மயில், மாங்கா, கோயில் கோபுரம்னு போல்டர் போட்டு வீட்டு கம்ப்யூட்டர்ல வச்சிருந்தாங்க. 38 ஜிபி. அந்த போல்டர் ஆன்லைன் கணக்கோட இணைஞ்சிருந்துச்சு, 100 ஜிபி பிளானுக்கு நான்தான் காசு கட்டறேன், அதனால அதுக்கு நான்தான் ஓனருன்னு ஒரு நெனப்பு.

ஆடி பொறந்து மூணாவது நாள், கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கேன்னு பாத்தா சி டிரைவ் சிவப்பு கோட்டுல நிக்குது. எது பெருசா இருக்குன்னு தேடினேன், இந்த போல்டர். அதான் மேல ஆன்லைன்ல இருக்குல்ல, கீழ எதுக்கு தண்டமான்னு செலக்ட் பண்ணி ஷிஃப்ட் டிலீட் அடிச்சேன். "நிரந்தரமா அழிக்கவா"ன்னு கேட்டுச்சு, யெஸ். சிவப்பு கோடு நீலமா மாறுச்சு. நானும் போய் ஒரு டீ போட்டு குடிச்சேன்.

ஆடியில யாரு கல்யாணம் வைப்பாங்க? யாரு கல்யாண ப்ளவுஸ் தைக்க வருவாங்க? வந்ததெல்லாம் ஸ்கூல் யூனிஃபார்மும் ஃபால்ஸ் அடிக்கறதும்தான், அதுக்கு போல்டர் எதுக்கு. ஆவணி பொறந்து ஒரு வாரம் கழிச்சு பர்கூர் பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு வீட்டுக்காரங்க வந்தாங்க. டிசைன் காட்டுங்கன்னாங்க. இவங்க கம்ப்யூட்டர தொறந்து "ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க"ன்னு கூப்ட்டாங்க பாருங்க, அந்த "ஏங்க"லயே எனக்கு ஏதோ வெளங்கிடுச்சு. செல்லுல பாத்தா அங்கயும் காலி. வெப்சைட்ல போய் குப்பைத்தொட்டியில பாத்தேன், 30 நாள் வரைக்கும்தான் வச்சிருப்பாங்களாம். நான் அழிச்சு 36 நாள் ஆகியிருந்துச்சு.

விஷயம் என்னன்னா அது பேக்கப்பே இல்ல, அது சிங்க். கண்ணாடி மாதிரி. இங்க பொட்டு வச்சா அங்கயும் பொட்டு, இங்க அழிச்சா அங்கயும் அழியும், அதோட வேலையே அதுதான், அது கரெக்டா வேலை செஞ்சுது, நான்தான் அத காவக்காரன்னு நெனச்சுட்டேன். இடம்தான் வேணும்னா அந்த போல்டர் மேல ரைட் கிளிக் பண்ணி ஃப்ரீ அப் ஸ்பேஸ்னு ஒண்ணு இருக்கு, அத அமுக்கியிருந்தா கீழ இருக்கறது மட்டும் போயிருக்கும். ரெண்டு கிளிக்கு. இத ஓசூர்ல ஐடியில இருக்கற மச்சான் சொல்லும்போது சிரிக்காம சொன்னான், அதுக்கே அவனுக்கு ஒரு நன்றி.

வைரஸ் மேட்டரும் இதே கதைதான். 2017 மே மாசம் வானாக்ரை வந்துச்சு ஞாபகம் இருக்கா, ஃபைலெல்லாம் பூட்டிட்டு காசு கேட்டுச்சே, அந்த மாதிரி ஒண்ணு உள்ள வந்தா சிங்க் போல்டர்ல பூட்டின ஃபைல்தான் மேலயும் போகும். சொருகியே வச்சிருக்கற ஹார்ட் டிஸ்க்கும் தப்பாது. பழைய வெர்ஷன எடுத்து வைக்கற வசதி இருந்தாதான் முந்தின நாளுக்கு திரும்ப போக முடியும், ஸ்டோரேஜ் பிளானுக்கு காசு கட்டறதுக்கு முன்னாடி பழைய வெர்ஷன எத்தன நாளுக்கு வச்சிருப்பாங்கன்னு அத மட்டும் கேளுங்க.

எங்களுக்கு திரும்ப கெடச்சது பாதிதான். பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒண்ணு பீரோவுல புடவைக்கு அடியில கெடந்துச்சு, அதுல 2022 வரைக்கும் இருந்துச்சு. மீதிய பழைய கஸ்டமருங்ககிட்ட "அக்கா, உங்க கல்யாண போட்டோல முதுகு பக்கம் தெரியற மாதிரி இருந்தா அனுப்புங்க"ன்னு இவங்க கேட்டு கேட்டு வாங்குனாங்க. அளவு நோட்டு பேப்பர்ல இருந்ததால தப்பிச்சுது. அந்த நோட்ட நான் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல போடறேன்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டு இருந்தேன், நல்லவேளை சோம்பேறியா இருந்தேன்.

இப்ப நெஜமான பேக்கப் போட்டிருக்கேன். கம்ப்யூட்டர்ல இருக்கறத அது ஒரு பக்கமா மேல அனுப்பும், இங்க அழிச்சாலும் ஒரு வருஷம் அங்க கெடக்கும். யாரும் சொல்லாத கஷ்டம் மொத தடவ ஏத்தறதுதான். மொத்தம் 180 ஜிபி. நெட் பிளான்ல 40 எம்பிபிஎஸ்னு போட்டிருந்தாலும் எங்க லைன்ல மேல ஏறற ஸ்பீடு 10தான் வருது, அப்படி பாத்தா விடாம ஏறினாலே 40 மணி நேரம். கரண்ட் போறது, பையன் கேம் ஆடணும்னு ஒயர புடுங்கறது எல்லாம் சேத்து ஒம்போது ராத்திரி ஆச்சு. செல்போன்ல ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி பிளான் வச்சு ஏத்தலாம்னு யாராவது நெனச்சீங்கன்னா 120 நாள், வேணாம். ஒரு தடவ முடிஞ்சுட்டா அப்புறம் புதுசா வர்றது மட்டும்தான் போகும், அது நடக்கறதே தெரியாது.

அதுல பாஸ்வேர்ட் மாதிரி நம்மளே ஒரு சாவி போட்டு பூட்டிக்கற வசதி இருக்கு, கம்பெனிக்காரனே தெறக்க முடியாது. நல்லதுதான், ஆனா அத மறந்தா நமக்கும் நாமம்தான். பேப்பர்ல எழுதி ரேஷன் கார்டு இருக்கற கவர்ல வச்சிருக்கேன். அப்புறம் மாசம் ஒரு தடவ ஏதாவது ஒரு போல்டர திரும்ப எறக்கி தொறந்து பாக்கறேன், தொறந்து பாக்காத பேக்கப்பும் சில்லறை இருக்கான்னு பாக்காத உண்டியலும் ஒண்ணு. பழைய ஹார்ட் டிஸ்க்கையும் விடல, பென்னாகரத்துல அம்மா வீட்டு பீரோவுல இருக்கு, ஊருக்கு போகும்போதெல்லாம் லேப்டாப்போட போறேன். அம்மாவுக்கு அது என்னன்னு தெரியாது, பூட்டி வைன்னு சொன்னேன், நகையோட வச்சிருக்காங்க.

இன்னொன்னு, "உங்க ஸ்டோரேஜ் முடிஞ்சுது, இன்னைக்கே காசு கட்டலன்னா எல்லா போட்டோவும் அழிஞ்சிடும்"னு மெயில் வந்தா அதுல இருக்கற லிங்க்க தொடாதீங்க. கூகுள் போட்டோஸ் அன்லிமிட்டெட்ட 2021 ஜூன் 1ல நிறுத்தினதுல இருந்து ஜிமெயில், டிரைவ், போட்டோ எல்லாத்துக்கும் சேத்து 15 ஜிபிதான் ஃப்ரீ, ஆண்ட்ராய்டு வாட்ஸப் பேக்கப்பும் இப்ப அதுலதான் சேருது, அதனால நெறைய பேருக்கு நெஜமாவே நெறஞ்சுதான் கெடக்கு, அந்த பயத்துல திருடனுங்களுக்கு வேலை சுலபம். ஆப்ப தொறந்து அங்க பாருங்க. காலை வணக்கம் ரோஜாப்பூவ எல்லாம் அழிச்சாலே கொஞ்சம் காலியாகும், அத மட்டும் எங்க வேணா போய் அழிங்க, கேக்க மாட்டேன்.

மாப்ள, ஞாயித்துக்கிழமை லோடு ஏத்தி முடிச்சுட்டு வீட்டுக்கு வா. பைக்க வெளிய நிறுத்திட்டு சாவிய உள்ள எடுத்துட்டு வா, மொதல்ல அத காப்பி பண்ணிக்கலாம். இங்க வந்து போல்டர் டிலீட் கதைய மட்டும் எடுக்காத, அந்த பர்கூர் ப்ளவுஸ் இப்பதான் டெலிவரி ஆச்சு, வீடு இப்பதான் கொஞ்சம் அமைதியா இருக்கு.