கூட்டத்தைத் திட்டும் முன் ஒரு மணி நேரம் எண்ணுங்கள்

"நம்ம ஜனங்களுக்கு ஒழுங்கே கிடையாதுங்க." பஸ் ஸ்டாப்பில் கூட்டம் முண்டியடித்து ஏறுவதைப் பார்த்தால் உடனே வாயில் வந்துவிடும் வாக்கியம் இது. படித்தவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். அதே ஜனங்கள் கோயிலில் தர்ம தரிசனத்துக்கு மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். ரேஷன் கடையில் பையையும் கல்லையும் வரிசையில் வைத்துவிட்டு நிழலுக்குப் போகிறார்கள், அந்தக் கல்லை யாரும் நகர்த்துவதில்லை. ஆள் அதே ஆள்தான், இடம்தான் வேறு. அந்த இடத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்க்கக் கற்றுக்கொடுப்பது சமூகவியல். அதற்கு ஒரு சின்ன நோட்டும் பேனாவும் கடிகாரமும் போதும்.

பஸ் ஸ்டாப்பிலேயே தொடங்கலாம். மனிதர்களை எண்ணுவதற்கு முன்னால் பஸ் எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். நிழற்குடையின் முதல் தூண்தான் பூஜ்யம். நடைபாதையில் பதித்த கற்களே அளவுகோல். கல் இல்லாவிட்டால் எட்டு வைத்து அளக்கலாம், சாதாரண நடையில் ஒரு எட்டு சுமார் இரண்டரை அடி. அடுத்தடுத்து வரும் 20 பஸ்களின் முன்படி அந்தத் தூணிலிருந்து எத்தனை எட்டு தள்ளி நின்றது என்று புள்ளி வையுங்கள். முன்னால் ஷேர் ஆட்டோ நின்றதா, பின்னாலேயே இன்னொரு பஸ் ஒட்டி வந்ததா, ஓரம் கட்டாமல் நடு ரோட்டிலேயே நிறுத்தினார்களா என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள். 20 புள்ளிகளும் 50, 60 அடிக்குச் சிதறிக் கிடந்தால், அந்தக் கூட்டத்தைத் திட்டுவது அநியாயம். முதலில் வந்து நின்றவருக்கு அங்கே ஒரு லாபமும் கிடையாது, ஓடுகிறவருக்குத்தான் சீட். வரிசைக்குத் தலை எங்கே என்று தெரிந்தால்தானே வால் சேரும்?

"நிழற்குடை கட்டிக்கொடுத்தாலும் ரோட்டில்தான் வந்து நிற்பார்கள்" என்பது இன்னொரு குற்றச்சாட்டு. அந்த பெஞ்சில் உட்கார்ந்து பஸ் வரும் திசையைப் பாருங்கள். பக்கவாட்டில் விளம்பரத் தட்டி அடைத்திருந்தால் வருவது 12பி-யா 29சி-யா என்று தெரியாது. எழுந்து நான்கு எட்டு முன்னால் போனால்தான் நம்பர் போர்டு கண்ணில் படும். ஒருவர் போனால் அவர் மறைக்கிறார் என்று அடுத்தவர் இன்னும் ஓர் எட்டு போவார்.

வெயில் இன்னொரு காரணம். கிழக்கு பார்த்த நிழற்குடையில் காலை வெயில் கூரைக்கு அடியில் நுழைந்து பெஞ்சு வரை வந்துவிடும். ஸ்டீல் பெஞ்சு என்றால் உட்கார முடியாது. அந்த நேரத்தில் நிழல் குடைக்குப் பின்னால் விழுகிறது, கூட்டமும் அங்கேதான் ஒதுங்கும். சித்திரை, வைகாசியில் காலை ஒன்பது மணிக்குப் போனால் இதைக் கிட்டத்திலேயே பார்க்கலாம். ஒரு மின்கம்பத்தின் நிழல் ஓர் அடி அகலத்துக்கு நீளமாகத் தரையில் கிடக்கும். அதன்மேல் நான்கைந்து பேர் ஒருவர் பின் ஒருவராக நேர்கோட்டில் நிற்பார்கள். யாரும் சொல்லி நிற்பதில்லை. வெயில் ஏறி நிழல் குறுகக் குறுக, வால் பக்கம் நிற்பவர் ஓர் எட்டு முன்னால் நெருங்குவார், அவருக்கு முன்னால் நிற்பவர் ஒரு வார்த்தை பேசாமல் இடம் விடுவார். ஒழுங்கு இல்லாதவர்கள் என்று சொன்னோமே, அவர்கள்தான் இவர்கள்.

இப்படி உட்கார்ந்து எண்ணி ஒரு நகரத்தின் விதியையே மாற்றிக் காட்டியவர் அமெரிக்க எழுத்தாளரும் ஆய்வாளருமான வில்லியம் ஒயிட். கட்டடத்துக்கு முன்னால் பொதுமக்களுக்குத் திறந்தவெளி விட்டால் கூடுதல் தளப்பரப்பு கட்டிக்கொள்ளலாம் என்று 1961-ல் நியூயார்க் விதி கொண்டுவந்தது. கட்டினார்கள். அந்தத் திறந்தவெளிகளில் பல காலியாகக் கிடந்தன. 1970களில் ஒயிட் தன் குழுவோடு கேமராவும் நோட்டுமாக அங்கே இறங்கினார். உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் ஜனங்கள் உட்காருகிறார்கள் என்பதுதான் அவர் கண்டது. இதைச் சொல்ல ஆராய்ச்சி வேண்டுமா என்று தோன்றும். அதுவரை இடத்தின் அழகையும் வடிவத்தையும் வைத்துத்தான் வாதாடிக்கொண்டிருந்தார்கள். எண்ணிக்கை கையில் இருந்ததால், இத்தனை சதுர அடிக்கு இத்தனை அடி நீள இருக்கை கட்டாயம் என்று 1975-ல் விதி திருத்தப்பட்டது. நடைபாதையில் நின்று பேசுகிறவர்கள் ஓரமாக ஒதுங்குவதில்லை, நடமாட்டம் அதிகமுள்ள நடுவிலேயேதான் நின்று பேசுகிறார்கள் என்றும் அவர் பதிவு செய்திருக்கிறார். ரங்கநாதன் தெருவைப் பார்த்து நாம் சலித்துக்கொள்ளும் அதே விஷயம் நியூயார்க்கிலும் இருந்திருக்கிறது.

நிற்க, பஸ்ஸுக்குள் ஏறுவோம். எட்வர்ட் ஹால் என்ற மானுடவியலாளர் அமெரிக்கர்களை வைத்து வகுத்த கணக்கின்படி, சுமார் 45 செ.மீ.-க்குள் வர உரிமையுள்ளவர்கள் மிக நெருங்கியவர்கள் மட்டுமே. நெரிசல் நேரத்து டவுன் பஸ்ஸில் எல்லோருமே அதற்குள்தான் நிற்கிறார்கள். எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பாருங்கள். தோளைச் சற்றுத் திருப்புவது, பையை நெஞ்சுக்கு முன்னால் பிடிப்பது, பார்வையை ஜன்னலுக்கு வெளியே அனுப்புவது. எதிரில் இருப்பவரை ஒரு கணம் பார்த்து, பார்த்தேன் என்று தெரிவித்துவிட்டு, உடனே கண்ணை எடுத்துவிடும் இந்தப் பழக்கத்துக்குச் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963-ல் ஒரு பெயர் வைத்தார். நம் மொழியில் நாகரிகமான கவனியாமை எனலாம். ஆனால் நம் பஸ்ஸில் இதற்கு நேர் எதிரான வழக்கமும் கூடவே ஓடுகிறது. பின்படியிலிருந்து "ஒரு அடையாறு" என்று நீளும் 20 ரூபாய், பெயர் தெரியாத ஐந்தாறு கைகள் மாறிக் கண்டக்டரிடம் போகிறது. டிக்கெட்டும் சில்லறையும் அதே கைகள் வழியே திரும்பி வருகின்றன. நிற்கும் மாணவனின் பை, உட்கார்ந்திருப்பவர் மடிக்குக் கேட்காமலே போகிறது.

வெளியூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதையும் அநாகரிகம் என்று ஒதுக்காமல் எழுதிப் பாருங்கள். எந்தப் பொருளுக்கு மதிப்பு? துண்டா, பையா, தண்ணீர் பாட்டிலா? பொருள் விழுந்ததற்கும் ஆள் வந்து உட்கார்ந்ததற்கும் எத்தனை நிமிடம்? சண்டை எந்த இடைவெளியில் வந்தது, என்ன வார்த்தையில் தொடங்கியது? பத்துப் பஸ்ஸுக்கு எழுதினால் சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒரு சொத்துரிமை விதி உங்கள் நோட்டில் உருவாகியிருக்கும்.

எண்ணுவதில் கடினமானது, வராதவர்களை எண்ணுவது. வந்தவர்களை வகை பிரித்து எண்ணினால்தான் வராதவர்கள் யார் என்று தெரியும். கோபன்ஹேகனில் கட்டடக்கலைஞர் யான் கெல் கடைப்பிடித்த முறை எளிது: ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்து நிமிடம் மட்டும் எண்ணி ஆறால் பெருக்குவது. ஸ்டாப்புக்கு எதிரே உள்ள டீக்கடையில் காலை ஆறிலிருந்து இரவு ஒன்பது வரை இப்படிச் செய்யுங்கள். கடந்து போகிறவர்களையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்பவர்களையும் தனித்தனியாக, ஆண், பெண், வயதானவர், குழந்தை என்று பிரித்து எழுதுங்கள். நடப்பவர்களில் பெண்கள் எத்தனை, நிற்பவர்களில் எத்தனை என்று ஒப்பிட்டால் நெஞ்சில் உறைக்கும். பொது இடத்தில் பெண் ஏதோ வேலையாகத்தான் வந்திருக்கிறாள் என்று காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்று மும்பையில் சமூகவியலாளர் ஷில்பா ஃபட்கே குழுவினர் எழுதினார்கள். இங்கேயும் கூடையும் பையும் காதில் வைத்த போனும் அந்தச் சாட்சிகள்தான். 2021-ல் தமிழ்நாட்டு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது "சும்மா ஊர் சுத்துறாங்க" என்று எழுதியவர்கள், சும்மா ஊர் சுற்றும் உரிமை ஆணுக்கு எப்போது, யார் கொடுத்தது என்று யோசித்திருக்கலாம்.

தவறுகள் பெரும்பாலும் நோட்டிலேயே தொடங்கும். "கோபமாக நின்றார்" என்று எழுதாதீர்கள். "மூன்று முறை மணி பார்த்தார், ரோட்டில் இறங்கி ஏறினார்" என்று எழுதுங்கள். கோபம் உங்கள் ஊகம். உடையைப் பார்த்துச் சாதியையும் மதத்தையும் குறிப்பது அதைவிட மோசம், அங்கே பதிவாவது உங்கள் மனம்தான். ஒரே ஒரு மாலையை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். ஒரு வேலை நாள், ஒரு ஞாயிறு, காலை, மதியம், இரவு எல்லாம் வேண்டும். கத்துகிறவரும் குடித்தவரும் கண்ணை இழுத்துக்கொள்வார்கள், மற்ற 40 பேர் விட்டுப்போவார்கள். அதனால்தான் ஐந்தைந்தாகக் கோடு போட்டு எண்ணச் சொல்வது.

போட்டோ எடுக்காதீர்கள். ஒரே ஆளைப் பின்தொடராதீர்கள். பெயர், போன் பேச்சு எதையும் எழுதாதீர்கள். என்ன எழுதுகிறீர்கள் என்று யாராவது கேட்டால் நோட்டைக் காட்டுங்கள். காட்டக் கூசும் வரி இருந்தால் அந்த வரி இருக்கவே கூடாது.

கடைசியில் எல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கும்: இடப்படம், 20 புள்ளிகள், நிழல் விழும் பக்கம், மூன்று வேளை எண்ணிக்கை. ஒரு நகல் வார்டு கவுன்சிலருக்கு, ஒரு நகல் பஸ் டிப்போவுக்கு. "ஜனங்கள் சரியில்லை" என்று பதில் வந்தால், பக்கவாட்டில் இருக்கும் அந்த விளம்பரத் தட்டியைப் பின்பக்கத்துக்கு மாற்ற எவ்வளவு செலவாகும் என்று கேளுங்கள்.