ஒரு நாளைச் சொல்ல வாய் வராதா?

"நவ் அண்ட் தென் வந்து பார்க்கிறேன், அக்கா" என்கிறார்கள். அவ்வப்போதாம். எப்போது? இந்த வருஷமா, அடுத்த தீபாவளிக்கா? எங்கள் புளோக் மின்தூக்கி "ஒன்ஸ் இன் எ வைல்", எப்போதாவது ஒருமுறைதான் பழுதாகி நிற்குமாம். பத்தாம் மாடிக்கு மூட்டு வலியோடு ஏறும் பாட்டியிடம் போய் அதைச் சொல்லுங்கள்!

எல்லாவற்றையும்விட எரிச்சல், "ஒன்ஸ் இன் எ புளூ மூன்". மிக அபூர்வமாக என்று அர்த்தம். ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது பௌர்ணமிதான் புளூ மூன். பொதுவாக இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வரும். 2018இல் மட்டும் ஜனவரியிலும் வந்தது, மார்ச்சிலும் வந்தது. நிலாவுக்குக்கூடத் தேதி இருக்கிறது. இப்படிப் பேசுகிறவர்களுக்கு இல்லை. சிங்கப்பூர்த் தேக்காவில் எதிரே பார்த்தால் மட்டும், "சம்டைம் மீட் பண்ணலாம்லா!" எந்தக் கிழமை? எத்தனை மணிக்கு? கேட்டால் உடனே போனைப் பார்க்கிறார்கள். அப்புறம் எதற்குச் சொல்வது?