தோட்டாவுக்கு மருந்து அடைக்கிறது மொளகாப்பொடி டப்பா நிரப்புற வேலை இல்லடா சாமி

நாலு நாளாச்சு, இன்னும் வயிறு எரியுது. யார்கிட்டயாவது கொட்டித் தீர்க்கலைன்னா எனக்குத் தூக்கம் வராது, அதான் எழுதுறேன்.

எங்க காபித் தோட்டம் ஏற்காட்டுல, நாகலூர் பக்கம். வீட்ல தாத்தா காலத்து ரைபிள் ஒண்ணு இருக்கு, 375 மேக்னம். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரைகிட்ட தாத்தா வாங்குனது. லண்டன்ல ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனிக்காரன் 1912ல கொண்டு வந்த தோட்டா அது, காட்டெருமை யானைன்னு பெரிய மிருகத்துக்குன்னே செஞ்சது. 1972ல வனவிலங்குச் சட்டம் வந்ததோட தாத்தா சுடுறதை நிறுத்திட்டாரு. அதுக்கப்புறம் அது பீரோல கிடக்கு, லைசென்ஸ் என் பேர்ல இருக்கு, வருசம் தவறாம எண்ணெய் போட்டுத் துடைக்கிறேன், எலெக்சன் வந்தா ஸ்டேஷன்ல கொண்டு போய் ஒப்படைக்கிறேன். இவ்வளவுதான் எனக்கும் அதுக்கும் உள்ள உறவு. காட்டெருமை தோட்டத்துக்குள்ள வந்து மிளகுக்கொடிய மிதிச்சாலும் நான் தகரத்தைத் தட்டித்தான் விரட்டுறேன்.

ஆனா வீட்டுக்கு வர்றவன் எல்லாம் அதை ஒருதடவ பார்த்துட்டா போதும், காபி டம்ளரைக் கீழ வைக்கிறதுக்குள்ள ஆரம்பிச்சிருவான். "தோட்டா கிடைக்கலையா? சுட்டு முடிச்ச வெத்துக்கூடு இருக்குல்ல, மருந்தும் முனையில குண்டும் நாமளே அடைச்சிக்கலாமே, வெயிட்டான குண்டா போட்டா சும்மா இடி மாதிரி இருக்கும்." வீடியோல எவனோ அமெரிக்காக்காரன் மேசை மேல மெஷின் வச்சு டக்கு டக்குன்னு இழுக்கிறதைப் பார்த்துட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்கிறானுங்க. அந்தாளு பின்னாடி சுவத்துல தராசு, அளவுப் புத்தகம், வாங்குன மருந்தோட டப்பா எல்லாம் இருக்கே, அது ஒருத்தன் கண்ணுக்கும் தெரியல.

சரி, பேச்சோட போனா பரவால்ல. என் மச்சான் இருக்கானே, சங்ககிரில லாரி ஓட்டுறவன், அவன் பேச்சோட நிக்கல. பொங்கலுக்கு வந்தப்ப பீரோல இருந்து தாத்தா சுட்டுப்போட்ட வெத்துக்கூடு நாலை எடுத்துப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு மலை இறங்கிட்டான், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. போன ஞாயித்துக்கிழமை திரும்பி வந்து, ஏதோ பொண்ணு பார்த்து முடிச்ச மாதிரி சிரிச்சுக்கிட்டே கர்சீப்பை அவிழ்க்கிறான், உள்ள நாலு செம்புக் குண்டு. சேலத்துல ஒரு லேத்துல குடுத்துக் கடைஞ்சிருக்கான். "மருந்து சிவகாசில சொல்லி வச்சிருக்கேன் மாமா"ங்கிறான்.

எனக்கு கை கால் எல்லாம் ஆடிப் போச்சு. கோவத்துலயா பயத்துலயான்னு தெரியல.

அவனை அப்படியே வண்டில ஏத்திக்கிட்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, செவ்வாய்ப்பேட்டைல தெரிஞ்ச கொலுசுப் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போனேன். வெள்ளி நிறுக்கிற தராசுல ஒண்ணொண்ணா வைக்கச் சொன்னேன். இந்த ரைபிளுக்கு வெயிட்டான குண்டுன்னா 300 கிரெயின், நம்ம கணக்குல 19.44 கிராம். இவனோடது முதல்ல 18.62, அடுத்தது 19.05, அப்புறம் 19.40, கடைசி 19.91. நாலும் நாலு கணக்கு. லேசானதுக்கும் கனமானதுக்கும் 20 கிரெயின் வித்தியாசம்! வெர்னியர் வச்சா ஒண்ணு 9.5 மில்லி, இன்னொண்ணு 9.6. பத்துல ஒரு மில்லிதானேங்கிறான். அந்தப் பத்துல ஒரு மில்லி குழலுக்குள்ள இறுகுனா என்ன ஆகும்னு அவனுக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் அவனுக்கு ஆசை இல்ல.

இங்கதான்யா எல்லாரும் கோட்டை விடுறீங்க. வெயிட்டான குண்டு சட்டுனு நகராது. மருந்து எரிஞ்சு கேஸ் ஊதிக்கிட்டே இருக்கு, முன்னாடி இருக்கிறது மெதுவாத்தான் வழி விடுது, அப்ப உள்ள பிரஷர் எகிறத்தான் செய்யும், அதனாலதான் லேசான குண்டுக்குப் போடுற மருந்து அளவை வெயிட்டான குண்டுக்குப் போடக்கூடாது. இதுல செம்பு வேற. ஈயத்தை விட செம்பு கனம் கம்மி, அதே எடை வரணும்னா குண்டு நீளமாகணும், நீளமானா வாலு கூட்டுக்குள்ள இறங்கி மருந்து இருக்க வேண்டிய இடத்தைப் பிடிச்சிக்கும், பிரஷர் இன்னும் ஏறும். இந்தத் தோட்டாவுக்குப் பிரஷர் உச்சவரம்பே 4,300 பார். மச்சான், உன் லாரி டயர்ல எவ்வளவு காத்து அடிக்கிற? 8 பார் இருக்குமா? அது வெடிச்சா பக்கத்துல நிக்கிறவன் என்ன ஆகிறான்னு உனக்குத் தெரியும்ல, நீதானே சொல்லுவ. இது என் கன்னத்துல இருந்து நாலு விரக்கடை தள்ளி இருக்கிற இரும்புடா.

பட்டாசு மருந்தாம்! துப்பாக்கி மருந்து அளவா எரியுற மாதிரி பார்த்துப் பார்த்துச் செய்யறது, பட்டாசு மருந்து ஒரே அடியா வெடிக்கிறதுக்குன்னே செய்யறது. ரெண்டும் கருப்பா பொடியா இருந்தா ஒண்ணாயிடுமா? தாத்தா தோட்டா ஒண்ணுல குண்டு லூசாகித் தானா கழண்டு வந்தப்ப நான் பார்த்திருக்கேன், உள்ள இருந்தது பொடியே இல்ல, கார்டைட்டுன்னு அந்தக் காலத்துத் துப்பாக்கி மருந்து, சேமியாவை வரிசையா கட்டி வச்ச மாதிரி பழுப்பு நிறத்துல நீள நீளமா இருந்துச்சு. அதுக்குப் பேர் மருந்து.

அந்தக் கூட்டையாவது ஒழுங்கா பார்த்தானுங்களா? கைனோக்குங்கிற கம்பெனியோட பழைய கூடு அது. டார்ச் அடிச்சு உள்ள பார்த்தா அடியில சின்னதா ரெண்டு ஓட்டை தெரியும், நடுவுல ஓட்டை கிடையாது, அதனால அடியில மருந்தைப் பத்த வைக்கிற கேப்பைக் கம்பி விட்டுத் தட்டிக் கழட்ட முடியாது. இது தெரியாம எவனோ ஆணிய வச்சு சுத்தியால அடிச்சிருக்கான், ஒரு கூட்டோட அடியில பள்ளமே விழுந்து கிடக்கு. இன்னொண்ணுல கழுத்து ஓரமா முடி கணக்கா கீறல். எங்க தாத்தா துணில சுத்தி வச்சிருந்தது. அதைப் பார்த்தப்ப எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு.

சட்டம்னு ஒண்ணு இருக்கே அது தனி. ரைபிள் வச்சுக்க லைசென்ஸ் இருந்தா தோட்டா செய்யவும் லைசென்ஸ்னு நினைச்சிட்டிருக்கானுங்க. 1959 ஆயுதச் சட்டத்துல 2019ல திருத்தம் வந்துச்சு, லைசென்ஸ் இல்லாம ஆயுதமோ தோட்டாவோ செஞ்சா குறைஞ்சது 7 வருசம், ஆயுள் வரைக்கும் போகும். அந்த லேத்துக்கார அண்ணனுக்கு இது என்ன சாமான்னே தெரியாது, ஏதோ புஷ்னு நினைச்சுக் கடைஞ்சு குடுத்திருக்காரு. ரெண்டு பொட்டப்புள்ளைங்க அவருக்கு. மாட்டுனா அந்தக் குடும்பம் என்ன ஆகும்னு ஒரு நிமிசம் யோசிச்சியாடா நீ?

நேரா அவர் லேத்துக்கே போய் விசயத்தைச் சொன்னேன். மனுசன் முகம் வெளுத்துப் போச்சு, ஒண்ணும் பேசல, நாலு குண்டையும் வாங்கிப் பட்டறைக் கல்லு மேல வச்சு சம்மட்டியால சப்பட்டையா அடிச்சு ஸ்கிராப் டின்ல போட்டாரு. கூடு நாலும் என்கிட்ட வந்திருச்சு. மச்சான் வீடு திரும்புற வரைக்கும் வாயைத் திறக்கல, அவங்கக்கா நேத்து எனக்கு போன் பண்ணி "அவனை எல்லார் முன்னாடியும் அப்படித் திட்டியிருக்க வேண்டாங்க"ன்னா. திட்டுனது திட்டுனதுதான், வாபஸ் வாங்க மாட்டேன். பீரோ சாவி இப்ப என் அரைஞாண் கயித்துலதான் தொங்குது, தூங்கும்போதும்.