குடம் தூக்கினால் பொண்ணு, பந்து உதைத்தால் பையனா?

எங்கள் வடசென்னைப் பக்கம் ஒரு பெண்ணுக்கு உடம்பில் வலு இருப்பதில் யாருக்கும் பிரச்சினை இல்லை. அந்த வலுவை அவள் தனக்காகச் செலவழித்தால்தான் பிரச்சினை.

வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை, எங்கே வேண்டுமானாலும் பாருங்கள். அடிபம்பு அடிப்பது யார்? லாரித் தண்ணி வந்தால் இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம் என்று ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடிக்கு ஏற்றுவது யார்? காசிமேட்டில் விடியற்காலை மீன்கார அக்காக்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆம்பளைகளோடு மல்லுக்கு நின்று விலை பேசிக் கூடையைத் தூக்கி வருவார்கள். அவர்களை யாரும் 'ஆம்பளை மாதிரி இருக்கா' என்று சொல்லி நான் கேட்டதில்லை. (சொன்னால் அப்புறம் மீன் வாங்க முடியாது என்பது வேறு விஷயம்.)

அதே தெருவில் ஒரு பொண்ணு ஜெர்சி போட்டுக்கொண்டு முல்லை நகர் கிரவுண்டுக்குக் கிளம்பினால் போதும். "இன்னாடி, பையன் கணக்கா?"

எங்கள் தெருவில் அப்படி ஒருத்தி இருக்கிறாள். பாய் கட், அண்ணனின் பழைய சட்டை, கக்கத்தில் பந்து. வயசுக்கு வந்தால் சரியாயிடுவாள் என்றார்கள் ஆயாக்கள். வந்தாள். தெருமுனையில் பேனர் வைத்தார்கள். ஸ்டூடியோக்காரர் அவள் தலையில் முழங்கால் வரை ஒரு பின்னலை ஒட்டவைத்து, பூவும் சுற்றிவிட்டிருந்தார். சடங்கெல்லாம் முடிந்ததும் அவள் அந்த பேனருக்குக் கீழேயே பந்தைத் தட்டிக்கொண்டு போனாள். இப்போது, கல்யாணம் ஆனால் சரியாயிடுவாள் என்கிறார்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. போனில் நாலு விஷயம் படித்த எங்கள் வயசு ஆட்கள். "அவ லெஸ்பியனா இருக்கலாம், திருநம்பியா கூட இருக்கலாம், நாமதான் சப்போர்ட் பண்ணணும்." (திருநம்பி என்றால், பிறந்தபோது பெண் என்று சொல்லப்பட்டாலும் தன்னை ஆணாக உணர்பவர்.) நல்ல மனசுதான். ஆயாக்களையும் இவர்களையும் ஒரே தட்டில் வைக்கமாட்டேன். அங்கே அடி விழும், இங்கே அன்புதான் கொஞ்சம் அவசரப்படுகிறது. ஆனால் அவள் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லையே? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சட்டையையும் முடியையும் பார்த்து அதை எப்படிக் கண்டுபிடிப்பது? தலை நிறைய மல்லிப்பூ வைத்துக்கொண்டு இன்னொரு பெண்ணை மனசுக்குள் நினைத்துக்கொண்டிருப்பவளை ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவளுக்கு சத்தமில்லாமல் மாப்பிள்ளை பார்த்து முடித்துவிடுவார்கள்.

கேரம் கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம ஏரியாவில் அது ஆம்பளைகள் கூடும் இடம். வியாசர்பாடி இளவழகி 2008-இல் பிரான்சில் உலக சாம்பியன் ஆனார். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் காசிமா 3 தங்கம் வாங்கினார். ஊரே கொண்டாடியது, நானும் ஸ்டேட்டஸ் வைத்தேன். ஆனால் மெடல் எதுவும் வாங்கப்போகாத, சும்மா ஆசைக்கு ஸ்ட்ரைக்கரைச் சுண்டும் பொண்ணுக்கு அந்த பெஞ்சில் இடம் உண்டா? எனக்கு அவள்தான் முக்கியம்.

போன மாசம் எங்கள் தெரு பாய் கட் பெண்ணின் அம்மா, "டாக்டர்கிட்ட காட்டினா மாத்திடலாமாக்கா?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு நம்ம பாரிமுனை ஹைகோர்ட்டிலேயே பதில் இருக்கிறது என்றேன். மதுரையிலிருந்து சேர்ந்து வாழ சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கு. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இது புரியவில்லை என்று ஒத்துக்கொண்டு, தானே ஒரு உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து தெரிந்துகொண்டார். 2021 ஜூனில், இப்படிப்பட்டவர்களை 'மாற்றுகிறேன்' என்று வைத்தியம் பார்க்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். உன் பொண்ணு அப்படியே இருந்தாலும் அது நோய் இல்லை, இல்லையென்றால் பேச்சே இல்லை, ரெண்டுக்கும் டாக்டர் வேண்டாம் என்று சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டார். "அதெல்லாம் சரிக்கா. இப்ப வளக்க ஆரம்பிச்சா, கல்யாணத்துக்குள்ள முடி இடுப்பு வரைக்கும் வந்துடும்ல?"

பக்கத்தில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தவள், "பேனர்ல இருக்கிறதையே எடுத்து ஒட்டிக்கலாம்மா" என்றாள்.