கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்

சனிக்கிழமை கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அங்கே கேள்வி கேட்ட ஒரு பெண்ணைப் பார்த்து அறையே சிரித்த வீடியோ துணுக்கை நேற்று இரவு யாரோ மறுபடியும் பகிர்ந்து, கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் விழுந்திருப்பதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. வந்திருந்தவர்களுக்கு விவரம் தெரியும். பெயர் எதுவும் சொல்லப்போவதில்லை.

அந்தப் பெண் கேட்டது இரண்டே கேள்விகள். ஈமேக்ஸ் என்ற எடிட்டரில், குறிப்புகளும் அட்டவணைகளும் எழுத அதில் இருக்கும் ஆர்க்-மோடில் (சுருக்கமாக ஆர்க்), தமிழில் அட்டவணை போட்டால் கோடுகள் ஏன் கோணல்மாணலாகப் போகின்றன? அதே கோப்பை பிடிஎஃப் ஆக்கினால் தமிழ் மட்டும் ஏன் காணாமல் போகிறது? வெறுமனே கேட்கவில்லை, கோப்பைத் திரையில் திறந்து காட்டித்தான் கேட்டார். நற்றிணையில் வரும் தாவரங்களைத் தொகுக்கும் ஆய்வு மாணவி அவர். பாடல் எண், திணை, புலவர், தாவரம் என்று அட்டவணை. முதல் வரியில் 1, குறிஞ்சி, கபிலர், தாமரை, சாந்து. கபிலருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய கோடு ஓரிடத்தில் நிற்கிறது, அடுத்த வரியின் கோடு இரண்டெழுத்து தள்ளி நிற்கிறது. நானூறு பாடலுக்கும் இப்படியே போனால் கண் என்ன ஆகும்?

கிடைத்த பதில்: "இதெல்லாம் எண்பதுகளின் சமாச்சாரம்மா. பேசாம வேர்டுக்குப் போயிடு."

அறை முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரித்தார், வேறென்ன செய்வார்? மடிக்கணினியை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தலைவலி என்று போனவரிடம் ஊரை மாற்று என்று சொல்லும் வைத்தியரை நாம் என்ன சொல்வோம்? அவர் 'நான் எதற்கு மாறலாம்' என்று கேட்கவில்லை. 'இது ஏன் இப்படி ஆகிறது' என்று கேட்டார். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள் சார். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

பதில் இருக்கிறது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதுவும் நீளமான பதில்கூட இல்லை. ஆர்க் தன் அட்டவணையை 'ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம்' என்ற கணக்கில் அடுக்குகிறது. சம அகல ஆங்கில எழுத்துருவில் ஒல்லியான எழுத்தும் அகலமான எழுத்தும் ஒரே இடத்தை எடுத்துக்கொள்வதால் கணக்கு சரியாக வரும். தமிழில் 'ர' எங்கே, 'ணௌ' எங்கே? இரண்டையும் ஒரே அகலத்தில் அடைக்க முடியாது, அடைத்தால் படிக்க முடியாது. எனவே கோடு கோணத்தான் செய்யும். இதற்கென்றே வி-அலைன் என்று ஒரு பொதி, அதாவது ஈமேக்ஸில் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரல், இருக்கிறது. எழுத்துகளை எண்ணாமல் பிக்சல் கணக்கில் அகலத்தை அளந்து கோடுகளை நேராக நிறுத்தும். கோப்புக்குள் எதையும் மாற்றாது, திரையில் காட்டுவதை மட்டும் சரிசெய்யும். ஈமேக்ஸை வெளியிடும் ஜிஎன்யூ திட்டத்தின் பொதிக் களஞ்சியத்திலேயே கிடைக்கிறது. ஈமேக்ஸ் திறக்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பான இனிட் கோப்பில் ஒரு வரி எழுதினால் ஆர்க் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் தானே வந்துவிடும். டெர்மினலில், அதாவது தனிச் சாளரம் இல்லாமல் வெறும் எழுத்துத் திரைக்குள் ஈமேக்ஸைத் திறந்தால், இது வேலை செய்யாது, மிகப் பெரிய அட்டவணையில் கொஞ்சம் இழுக்கும். அதையும் சொல்லிவிட்டால் முடிந்தது.

பிடிஎஃப் விஷயம் இதைவிடக் கொஞ்சம் சிக்கல். ஆர்க், பிடிஎஃப் செய்ய லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளைக் கூப்பிடுகிறது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது கூப்பிடுவது லேடெக்கின் ஒரு வகையான பிடிஎஃப்-லேடெக். அதற்குத் தமிழ் எழுத்து என்றால் என்னவென்றே தெரியாது. பதிவுக் கோப்பில் 'இந்த எழுத்துக்கு ஏற்பாடு இல்லை' என்று வரிவரியாக எழுதிவிட்டு, எண்களையும் ஆங்கிலத்தையும் மட்டும் வைத்துப் பக்கத்தைக் கொடுத்துவிடும். சரி என்று, யூனிகோடு எழுத்துகளைப் படிக்கத் தெரிந்த இன்னொரு வகையான ஸீ-லேடெக்குக்கு மாற்றினால், அப்போதும் தமிழ் வர வேண்டிய இடம் வெறுமைதான்! இங்கேதான் பலர் மனம் உடைந்து விட்டுவிடுகிறார்கள். ஏனென்றால் அது இயல்பாக எடுத்துக்கொள்ளும் லத்தீன் எழுத்துருவில் தமிழே கிடையாது. நோட்டோ செரிஃப் தமிழ் மாதிரி ஓர் எழுத்துருவைப் பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும். கூடவே எழுத்துமுறை தமிழ் என்றும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் 'கொ'வின் கொம்பு இடம் மாறி உட்காரும். கோப்பின் தலையில் இரண்டு வரி, அவ்வளவுதான். அந்த இரண்டு வரியைச் சொல்ல ஆன நேரத்தைவிட அந்தச் சிரிப்பு நீளமாக இருந்தது.

'அப்படியென்றால் நீ அங்கேயே எழுந்து சொல்லியிருக்கலாமே' என்பீர்கள். கையை உயர்த்தினேன். நேரமாகிவிட்டது என்று அடுத்த உரைக்குப் போய்விட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவரைத் தேடினேன், கிளம்பிப் போயிருந்தார்.

இப்போது அந்த 'எண்பதுகள்' கிண்டலுக்கு வருகிறேன். ஆமாம், ரிச்சர்ட் ஸ்டால்மனின் ஜிஎன்யூ ஈமேக்ஸ் 1985இல் வெளிவந்தது. அதன் முன்னோடி 1976இலேயே எம்ஐடியில் இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் போகச் சொன்ன வேர்டு வெளிவந்த ஆண்டு 1983. யார் எண்பதுகள்? ஆர்க்-மோடோ அதற்கெல்லாம் வெகு பின்னால் பிறந்தது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் 2003இல் தன் குறிப்புகளையும் வேலைகளையும் ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தொடங்கியது அது. 2007இல் ஈமேக்ஸ் 22உடன் சேர்ந்தே வந்தது. 2020இல் வந்த ஈமேக்ஸ் 27இலிருந்து எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வேலையை ஹார்ஃபஸ் என்ற நிரல் செய்கிறது. ஃபயர்பாக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் தமிழை ஒழுங்காகக் காட்டுவதும் அதே ஹார்ஃபஸ்தான். தமிழ்99 விசைப்பலகைகூட ஈமேக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. பழசு என்று சொல்கிறவர்கள் கடைசியாக எப்போது திறந்து பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு உண்மையிலேயே ஆசை.

அடுத்து, 'இதற்கெல்லாம் செலவழிக்கிற நேரத்தில் ஆய்வேட்டையே எழுதி முடித்திருக்கலாம்' என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் சொன்னார். இந்தப் பேச்சைப் பல வருடமாகக் கேட்கிறேன். சரி, நேரம் ஆகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதற்கு ஆகிறது என்று பாருங்கள். நான் மெய்ப்புத் திருத்துகிறேன், மொழிபெயர்க்கிறேன். என் வேலைப் பட்டியலில் 'செய்', 'அச்சில்', 'முடிந்தது' என்று தமிழிலேயே நிலைகள் இருக்கின்றன. கோப்பின் தலையில் ஒரு வரி எழுதி, அதன்மேல் நின்று கண்ட்ரோல்-சி இரண்டு தடவை தட்டினேன், ஆர்க் ஏற்றுக்கொண்டது. யாரிடமும் கெஞ்சவில்லை, சந்தா கட்டவில்லை. என் மொழியில் என் வேலையை வைத்துக்கொள்ள எனக்கு இருக்கிற உரிமை அது. அதற்கு ஒரு மாலைப்பொழுது போனால் போகட்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன், தமிழில் எழுதுகிற எல்லோருக்கும் உதவும். *நற்றிணை*யில் என்று நட்சத்திரக் குறி போட்டு நூற்பெயரைத் தடிமனாக்கப் பார்த்தால் ஆர்க் கண்டுகொள்ளாது. மூடும் குறிக்குப் பின்னால் இடைவெளியோ நிறுத்தக்குறியோ இருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஆங்கிலத்தில் பெயருக்குப் பின் பெரும்பாலும் இடைவெளி வந்துவிடும். நமக்கோ வேற்றுமை உருபு பெயரோடேயே ஒட்டிக்கொண்டு வரும். 'யில்', 'ஐ', 'க்கு' என்று ஒவ்வொரு வரியிலும் இந்தத் தொல்லை. நட்சத்திரத்துக்கும் 'யி'க்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத சுழிய அகல இடைவெளி ஒன்றைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. நான் அதை ஒரு விசையில் வைத்திருக்கிறேன். இந்தத் தொல்லை ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு லேசில் தோன்றாது. தமிழில் எழுதி, மாட்டிக்கொண்டு, கேட்டால்தான் தெரியும். கேட்கிறவரைச் சிரித்து அனுப்பிவிட்டால் யார் கண்டுபிடிப்பார்கள்?

'கற்றுக்கொள்ளக் கஷ்டம்.' ஆமாம், கஷ்டம். அதனால்தான் கேட்கிறார்கள்.

'மார்க்டவுன் எடிட்டர்கள் இருக்கின்றனவே.' இருக்கட்டும், நல்லவைதான், எளிய குறிகள் போட்டு எழுதும் அவற்றின் கோப்புகளும் வெறும் உரைதான். ஆனால் அவற்றிலும் மூல உரையில் தமிழ் அட்டவணை கோணத்தான் செய்யும். அப்போது அடுத்து எங்கே போகச் சொல்வீர்கள்?

'அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.' இருக்கலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று புரியாதவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா தமிழாசிரியர். ஓய்வு பெற்றதும் எங்கள் ஊர்ப்பக்கத்து வழக்குச் சொற்களைத் தொகுக்க ஆரம்பித்தார். உழவு, நெசவு, மீன்பிடி என்று தனித்தனி நோட்டுகள். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு டிடிபி கடையில் எல்லாவற்றையும் அடித்து ஃப்ளாப்பியில் வாங்கி வைத்துக்கொண்டார். புத்தகமாகப் போட வேண்டும் என்று ஆசை. போடவில்லை. அவர் காலமான பிறகு ஃப்ளாப்பியை ஒருவரிடம் கொடுத்துப் படிக்கவைத்தேன். கோப்பு திறந்தது. உள்ளே ஒரு சொல் தமிழ் இல்லை. தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகப் பக்கம் பக்கமாக நின்றன. அந்தக் கடையின் எழுத்துரு எது என்று யாருக்கும் தெரியவில்லை. கடையே இல்லை. உதவி கேட்டுப் போன இடத்தில் ஒருவர் சொன்னார், "பழைய குப்பை மேடம், புதுசா டைப் பண்ணிக்கோங்க."

நோட்டுகளில் சில கரையான் அரித்துப் போயிருந்தன. நெசவு நோட்டு முழுதாகப் போய்விட்டது. மிஞ்சியதை நானே ஆர்க் கோப்பில் அடித்தேன். ஒவ்வொரு சொல்லும் ஒரு தலைப்பு, அதன் கீழ் பொருள், அப்பா எழுதிவைத்த வாக்கியம். யூனிகோடில், எந்த எடிட்டரில் திறந்தாலும் படிக்கக்கூடிய வெறும் உரையாக. 'அது யூனிகோடின் பெருமை, ஈமேக்ஸின் பெருமை இல்லையே' என்று யாராவது திருத்த வரலாம். சரி, வாருங்கள். எனக்கு அந்த வாக்கியங்கள் இன்னும் இருக்கின்றன, அது போதும்.

அன்று 'புதுசா டைப் பண்ணிக்கோங்க' என்றவரும் சனிக்கிழமை 'வேர்டுக்குப் போயிடு' என்றவரும் என் காதில் ஒரே ஆளாகத்தான் ஒலிக்கிறார்கள். தமிழ் சரியாக வரவில்லை என்று யாராவது சொன்னால் உடனே அவரை வேறு எங்காவது அனுப்பிவிடுவது நமக்குப் பழகிவிட்டது. மெயிலில் தமிழ் உடைகிறதா, ஆங்கிலத்தில் எழுது. படிவத்தில் பெயர் கட்டமாக வருகிறதா, இங்கிலீஷில் போடு. ஏன் உடைகிறது என்று உட்கார்ந்து பார்த்தவர்கள் சிலபேர்தான். விசைப்பலகையும் எழுத்துருவும் நமக்குக் கிடைத்தது அந்தச் சிலபேரால். பலர் சம்பளம் வாங்காமல் செய்தார்கள். எல்லோரும் ஒரு கட்டத்தில் இதே மாதிரி எழுந்து நின்று 'இது ஏன் வரவில்லை' என்று கேட்டவர்கள்தான். அன்றைக்கு அவர்களையும் இப்படிச் சிரித்து உட்காரவைத்திருந்தால்?

அப்புறம், அந்த இடத்தில் ஓர் ஆண் கேட்டிருந்தால் இதே 'அம்மா' போட்ட பதில் வந்திருக்குமா என்றும் யோசித்துப் பாருங்கள். இதைச் சொன்னால் 'எதற்கெடுத்தாலும் இதையே இழுக்கிறாய்' என்பார்கள். இழுக்கத்தான் செய்வேன். இருபது வருடமாக இந்தக் கூட்டங்களுக்குப் போகிற எனக்கு அந்தச் சிரிப்பின் சத்தம் தெரியும்.

அந்த மாணவி ஞாயிறு இரவு எனக்கு எழுதினார். "அக்கா, தேவையில்லாமக் கேட்டுட்டேனோ?" தேவைதான் என்று சொல்லி இரண்டு விடைகளையும் அனுப்பினேன். கோடுகள் நேராக நிற்கும் படத்தைத் திங்கள் காலை அனுப்பினார். பிடிஎஃப்பிலும் குறிஞ்சியும் கபிலரும் வந்துவிட்டார்கள். புலவர் பெயர்ப் பத்தியை வரிசைப்படுத்தும்போது இன்னொரு சிக்கல் வருகிறதாம், இன்று மாலை சேர்ந்து பார்க்கிறோம்.

உங்களில் யாருக்காவது ஆர்க் சண்டித்தனம் செய்தால் எனக்கு எழுதுங்கள். எழுதும்போது ஈமேக்ஸ் எந்தப் பதிப்பு, ஆர்க் எந்தப் பதிப்பு என்று போடுங்கள். ஈமேக்ஸை மைனஸ் பெரிய க்யூ (-Q) போட்டுத் திறந்து, அதாவது உங்கள் அமைப்புகள் எதுவும் ஏறாமல் திறந்து, அப்போதும் அதே சிக்கல் வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். அதில் வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் உங்கள் இனிட் கோப்பில்தான் இருக்கும். அதில் பாதி வரிகளைச் செயல்படாமல் செய்துவிட்டு ஈமேக்ஸைத் திறந்து பாருங்கள், பிறகு கோளாறு இருக்கும் பாதியில் பாதி, அப்படியே சுருக்கிக்கொண்டு போனால் அந்த வரி அகப்பட்டுவிடும். 'ஆர்க் பதிப்பு பொருந்தவில்லை' என்ற எச்சரிக்கை வந்தால் ஈமேக்ஸோடு வந்த ஆர்க்கும் நீங்கள் தனியாகப் போட்டதும் கலந்துவிட்டன என்று அர்த்தம். தனியாகப் போட்டதை அழித்துவிட்டு, ஆர்க்கைத் திறப்பதற்கு முன்னால் மறுபடி நிறுவுங்கள். சனிக்கிழமை சிரித்தவர்களும் எழுதலாம், அவர்களுக்கும் பதில் சொல்வேன்.